பாலிக் புலாவில் பறந்த ஜாதிக்காய்கள்

ஓர் இயந்திரம் ஓட மறுத்து நின்றுவிட்டால் அது சின்ன அவமானம். யாராவது தோளைத் தட்டி ஆறுதல் சொல்வார்கள். தேவைக்கு மேல் ஓடினால்தான் பெரிய அவமானம். ஆறுதல் சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் எங்காவது ஒளிந்துகொண்டிருப்பார்கள்.

எண்பதுகளின் நடுவில் பினாங்கில் இயந்திரப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். அதனால் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. (கொஞ்சம் என்பது என் கணக்கு. கூடப் படித்தவர்களைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள்.) அதற்கு உரம் போட வீட்டில் அப்பா இருந்தார். பட்டர்வொர்த் ரயில்வே அலுவலகத்தில் கிளார்க். எங்களைப் போன்ற யாழ்ப்பாணக் குடும்பங்களில் பெண்கள் டீச்சராவார்கள், மிஞ்சினால் டாக்டராவார்கள். ஸ்பானரைத் தொட மாட்டார்கள். “பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்தக் கிரீஸும் எண்ணெயும்?” என்று கேட்ட சொந்தக்காரர்களிடமெல்லாம் அப்பா, “என்ரை பிள்ளை மெஷின் செய்வாள், வந்து பாருங்கோ” என்று சவால் விட்டிருந்தார். நல்லவேளை, அவர்களில் ஒருவரும் வரவில்லை. அப்பா மட்டும் வந்தார்.

இறுதியாண்டில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, வெளியில் தொழில் செய்யும் ஒருவருக்கு நிஜமாகவே தேவைப்படும் இயந்திரம் ஒன்றைச் செய்ய வேண்டும். செலவு அவருடையது. அவருடைய இடத்துக்கே கொண்டுபோய் ஓட்டிக் காட்ட வேண்டும். அவர் திருப்தி என்று சொன்னால் தேர்ச்சி. இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் அதே வகுப்பு, அதே பெஞ்சு.

எனக்கும் என் கூட்டாளி பாலாவுக்கும் வாய்த்தவர் மைதீன் பாய். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அவருக்கு மசாலைச் சாமான் கடை. மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் புலாவில், ஜாதிக்காயைக் காயவைத்து ஓடு நீக்குவதற்கு ஒரு தகரக் கொட்டகை. முதல் நாளே விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

“இந்தா பாரு தங்கச்சி. மேல இருக்கிற ஓடு ஒடையணும், உள்ள இருக்கிற பருப்பு ஒடையக் கூடாது. தட்டித் தட்டி எங்காளுங்க வெரலெல்லாம் வீங்கிப் போச்சு. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.”

“இவ்வளவுதானா பாய்?” என்றேன்.

பாய் என்னைப் பார்த்தார். பிறகு பாலாவைப் பார்த்தார். பாலா கூரையைப் பார்த்தான்.

நாங்கள் செய்த இயந்திரம் பார்க்க எளிமையானது. டீசல் டிரம் ஒன்றைப் பாதியாக வெட்டி, அதன் நடுவில் சுற்றுகிற தட்டு ஒன்றை வைத்து, காய் போட ஒரு துளை விட்டு மூடி போட்டோம். மேலிருந்து ஜாதிக்காயைப் போட்டால் தட்டு அதைச் சுழற்றி டிரம்மின் சுவரில் எறியும். ஓடு உடையும். கல்லூரிப் பட்டறையில் ஓட்டிப் பார்த்தபோது சில காய்கள் உடையாமலே வந்தன, சில காய்கள் பருப்போடு சேர்ந்து நொறுங்கி வந்தன. அறிக்கையில் நான் அதை ‘ஏற்கத்தக்க விளைவு’ என்று எழுதினேன். பாலா அதைச் சட்னி என்றான்.

ஓட்டிக் காட்டும் நாள் வந்தது. இயந்திரத்தைக் கழற்றி பாலாவின் மாமா லாரியில் ஏற்றினோம். வளைந்து வளைந்து மலையேறி இறங்கும் பாதை. அப்பா லீவு போட்டு, கோட்டு மாட்டி, டை கட்டி, குடையை முழங்கால்களுக்கு நடுவில் ஊன்றி, டிரைவருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளைபோல உட்கார்ந்து வந்தார்.

கொட்டகையில் இறங்கியதும் இயந்திரத்தைத் திரும்பப் பூட்ட ஆரம்பித்தேன்.

“பெல்ட்ட நான் மாட்டட்டா?” என்று பாலா கேட்டான்.

“வேண்டாம். எனக்குத் தெரியும்.”

“சரி லா. நீயே மாட்டு.”

எனக்குத் தெரிந்தது இதுதான்: பெல்ட் ஓட இரண்டு சக்கரங்கள். சின்னது மோட்டாரில், பெரியது தட்டில். அப்படியிருந்தால் மோட்டார் வேகமாக ஓடினாலும் தட்டு நிதானமாகச் சுற்றும். நான் செய்தது: பெரியதை மோட்டாரில் மாட்டினேன், சின்னதைத் தட்டில் மாட்டினேன். சக்கரம் ஏறும் இரண்டு தண்டும் ஒரே பருமன் என்பதால் சக்கரங்களும் மறுப்புச் சொல்லாமல் போய் உட்கார்ந்துகொண்டன. (ஒரே பருமனில் செய்தால் வேலை சுலபம் என்று யோசனை சொன்ன மேதையும் நானே.)

எங்கள் விரிவுரையாளர் மிஸ்டர் டான் தன் காடியை (பினாங்கில் காரை அப்படித்தான் சொல்வோம்) வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். அப்போது எனக்கு இன்னொரு யோசனை தோன்றியது.

“மூடியைக் கழற்றிடுவோம் பாலா. உள்ளே எப்படிச் சுத்துதுன்னு எல்லாரும் பார்க்கட்டும்.”

“ஏய் சாந்தி, மூடியப் போட்டே ஓட்டு லா!”

கழற்றினேன். கையில் எழுதி வைத்திருந்த உரையை வாசிக்கத் தொடங்கி, நடுவில் ஸ்விட்சைத் தட்டினேன்.

பட்டறையில் அது உறுமும். அன்றைக்கு ஊளையிட்டது. தரை அதிர்ந்தது. அப்பா மெதுவாக என் பக்கம் குனிந்தார்.

“பிள்ளை, இது பறக்கிற சாமானோ?”

“சும்மா இருங்கோ அப்பா. இது சாதாரணச் சத்தம்தான்” என்று சொல்லிவிட்டு, ஒரு கூடை ஜாதிக்காயை அப்படியே கவிழ்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. வரிசையாக நடக்கவில்லை. ஜாதிக்காய்கள் எல்லாத் திசைகளிலும் ஒரே நேரத்தில் புறப்பட்டன. தகரச் சுவரிலும் தகரக் கூரையிலும் அவை மோதிய சத்தத்தைக் கேட்டு, சீனப் புத்தாண்டுப் பட்டாசு வெடிக்கிறது என்று பக்கத்துத் தோட்டத்து நாய்கள் ஓடின. மிஸ்டர் டான் மேசைக்கு அடியில் போனார். மைதீன் பாய் காயவைக்கும் தட்டு ஒன்றைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, “யா அல்லா! நிப்பாட்டு! நிப்பாட்டு!” என்று கத்தினார். வாசல் வழியாக வெளியேறிய ஜாதிக்காய் ஒன்று மிஸ்டர் டானின் காடியில் டங்கென்று விழுந்தது. அப்பா குடையை விரித்து, ராஜாவைப் போல அதன் பின்னால் நின்றார்.

நான் மட்டும் ஓடவில்லை. வீரம் என்று நினைத்துவிட வேண்டாம். கால் வரவில்லை. ஆனால் வாய் நிற்கவில்லை. “இந்த இயந்திரத்தை ஒரு குழந்தைகூடப் பயமின்றி இயக்கலாம்” என்ற அடுத்த வாக்கியத்தை நான் வாசித்ததாகப் பாலா இன்றைக்கும் சத்தியம் செய்கிறான்.

அவன்தான் தரையோடு தரையாக ஊர்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினான்.

அமைதி. கூரையிலிருந்து கடைசி ஜாதிக்காய் உருண்டு விழுந்தது. அப்பா குடையை மடக்கினார்.

“மெஷின் வேலை செய்யுது பிள்ளை,” என்றார். “அதிலே ஒருத்தரும் பிழை சொல்லேலாது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வருஷம் போச்சு. அப்பாவின் சவாலும் போச்சு. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவர் முகமாகக் கண்முன் வந்துபோனது.

மைதீன் பாய் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரமாகக் குனிந்தார். ஒரு ஜாதிக்காயை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். என்னைத் திட்ட வார்த்தை தேடுகிறார் என்றே நினைத்தேன்.

“தங்கச்சி, இங்க வா.”

போனேன். அவர் உள்ளங்கையில் ஓடு இரண்டாகப் பிளந்து கிடந்தது. பருப்பு கீறல்கூட இல்லாமல் முழுசாக இருந்தது. சுவரோரம் முழுக்க அப்படித்தான். டிரம்முக்குள் விழுந்ததெல்லாம் மாவு.

“ஒன் டிரம்மு ஒடைக்கல. என் கொட்டாயி ஒடைச்சிருச்சு பாரு!” என்று பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பாலாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தடித்த டிரம் அசைந்து கொடுக்காது, அதனால் பருப்பும் நொறுங்குகிறது. மெல்லிய தகரம் அடி வாங்கும்போது கொஞ்சம் பின்வாங்குகிறது, ஓடு மட்டும் பிளக்கிறது. மாதக்கணக்கில் நாங்கள் தேடியது கொட்டகைச் சுவரில் இருந்திருக்கிறது. மேசைக்கு அடியிலிருந்து மிஸ்டர் டான், “இதை அளந்து எழுதினீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். வெளியே வர அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

டிரம்மைத் தூக்கிப் போட்டோம். பெரிய பெட்டி ஒன்று செய்து, உள்ளே தகரத்தைத் தொங்கவிட்டு, மூடியை யாரும் கழற்ற முடியாதபடி பாலா பற்றவைத்தான். சக்கரங்களையும் அவனே மாட்டினான். மைதீன் பாய் திருப்தி என்று சொன்னார். ஆனால் ஒரு நிபந்தனை: இந்தப் பெண் பாலிக் புலாவுக்கு வருவதாக இருந்தால் தனக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நான் பிறகு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். எந்தப் பிரிவு என்கிறீர்கள்? பாதுகாப்பு. நேர்முகத் தேர்வில் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள், இந்தக் கதையைச் சொன்னேன். (பாலாவைக் கல்யாணம் செய்தேனா என்று கேட்காதீர்கள். அவனுக்கு உயிர்மேல் ஆசை.)

கதையை என் பிள்ளைகளுக்குச் சொன்னது அப்பா. சொல்லாமலே இருந்திருக்கலாம். நான் சமையலறையில் பிளெண்டரைத் தட்டினால் போதும், கூடத்தில் இருக்கிற அத்தனை பேரும் “பாலிக் புலாவ்!” என்று கத்திக்கொண்டு மேசைக்கு அடியில் பாய்வார்கள். என் கணவர் முழங்கால் வலியோடும் பாய்வார்.

என் மகன் கல்யாணம் முடித்து மனைவியை அழைத்து வந்த முதல் வாரம், நான் தேங்காய்ச் சட்னி அரைக்க பிளெண்டரைத் தட்டினேன். ஒரு கூச்சல். எட்டிப் பார்த்தால் மேசையைச் சுற்றி யாரும் இல்லை. புது மருமகள் மட்டும் தோசைத் தட்டோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், காலியான நாற்காலிகளைப் பார்த்தாள்.

“மாமி, நானும் குனியணுமா?”

“குனிஞ்சிரும்மா,” என்றேன். “மூடி சரியா போட்டேனான்னு ஞாபகம் இல்ல.”