மீசையில் ஒட்டிய கேசரி

என் மனைவியின் தம்பியை நான் ஒருமுறை கொல்லப் பார்த்தேன். ஆயுதம் எதுவும் இல்லை. ஒரு கழித்தல் கணக்குதான். அது போதாதென்று ஒரு பொய்யும் சொன்னேன். கணக்கை மன்னித்துவிட்டார்கள். பொய்தான் இன்னும் எங்கள் வீட்டுப் பந்தியில் சோற்றோடு சேர்ந்து வந்துகொண்டிருக்கிறது.

நான் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு வகுப்புதான் போகும், வாய் போகாது. மைத்துனன் முருகேசன் எங்கள் பக்கத்துத் தெரு. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரிகளுக்கு எடைமேடை வைத்திருக்கிறான். ஊர்ப்பட்ட தக்காளிக்கும் முருங்கைக்காய்க்கும் எடை பார்ப்பவன் தன் எடையை மட்டும் பார்த்ததில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்காத வேலை. லாரிக்கு ஒரு டீ, டீக்கு ஒரு வடை. சர்க்கரை வந்தது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, எடையைக் குறைக்கச் சொன்னார்.

"நீங்க படிச்சவருதான? அவனுக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றாள் என் மனைவி சரோஜா. (எனக்கும் தொப்பை இருந்தது. அதற்கு யாரும் வழி கேட்கவில்லை.)

அவன் தொழிலை வைத்தே விளக்கினேன். "மாப்ளே, ஒடம்பும் லாரிதான். நீ ஏத்துற சரக்கு அதிகம், எறக்குறது கம்மி. மிச்சம் வயித்துல நிக்குது. ஏத்துறத நிறுத்து. எறக்குறதக் கூட்டு."

"எப்பிடி மாமா எறக்குறது?"

"பழனிக்கு நடப்போம்."

தைப்பூசத்துக்கு எங்கள் பக்கத்து ஜனங்கள் பழனிக்கு நடப்பார்கள். சாலை நெடுக அன்னதானப் பந்தல்கள். ஒன்றில் பொங்கல், அடுத்ததில் இட்லி, அதற்கடுத்ததில் தக்காளிச் சோறு. வேண்டாம் என்று சொல்ல முடியாது, சாமி பேரைச் சொல்லி வைத்துவிடுவார்கள். அத்தனை தூரம் நடந்தும் எடை கூடித் திரும்பியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஆகவே ஒரு சட்டம் போட்டேன்: பாதி வழியில் இருக்கும் ஒட்டன்சத்திரம் சேரும்வரை எந்தப் பந்தலிலும் கை நீட்டக்கூடாது. நீர்மோர் மட்டும். சட்டம் இருவருக்கும் பொது.

விடிவதற்குள் கிளம்பினோம். முருகேசன் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தயங்கினான்.

"மாமா, இதப் போட்டா சாப்ட்டுறணும்னு டாக்டரு சொல்லிருக்காரு."

"மாத்திரையும் சக்கரையக் கொறைக்குது, நடையும் கொறைக்குது, பட்டினியும் கொறைக்குது. மூணும் சேந்தா எம்புட்டு சீக்கிரம் கொறையும், யோசிச்சுப் பாரு."

அவன் தலையாட்டினான். யோசித்திருக்க வேண்டியவன் நான்.

ரெட்டியார்சத்திரம் வருவதற்குள் என் வயிறு சட்டத்தை எதிர்த்தது. "ஒதுங்கிட்டு வாரேன்" என்று சொல்லி ஒரு பந்தலின் பின்பக்கம் போய்ப் பொங்கல் சாப்பிட்டேன். ஊரைத் தாண்டியதும் மறுபடி ஒதுங்கினேன், இட்லி. மூன்றாம் முறை கிளம்பும்போது முருகேசன் கவலையோடு பார்த்தான்.

"என்ன மாமா, இத்தன தடவ ஒதுங்குறீங்க? ஒங்களுக்கும் சக்கர வந்துருச்சா?"

அந்த மூன்றாவது பந்தலில் கேசரி. பெரிய வாணலியில் ஓர் அம்மாள் கிண்டிக்கொண்டிருந்தார். நெய் மணம் சாலை வரை வந்தது. ஒரு முறை வாங்கினேன். இலையை மடிக்க மனம் வராமல் இன்னொரு முறையும் வாங்கினேன்.

திரும்பி வந்தபோது முருகேசன் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். தை மாதக் காலைக் குளிரில் அவன் பச்சைத் துண்டு பிழியும் அளவுக்கு நனைந்திருந்தது.

"என்ன மாப்ளே, இம்புட்டு வேர்வை?"

"தெரியல மாமா. கை நடுங்குது."

"கொழுப்பு கரையுது. நல்லதுதான், நட."

(என் வாழ்நாளில் நான் நடத்திய பாடங்களிலேயே மோசமானது இதுதான்.)

பத்தடி போயிருப்போம். எதிரே வந்த பேருந்தைப் பார்த்துக் கையைத் தூக்கியபடி அவன் சாலைக்குள் இறங்கினான். "ஏலே, வண்டியப் பின்னால எடு. பின் சக்கரம் இன்னும் மேடையில ஏறல." முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவன் கண்ணைப் பார்த்தேன். அந்தக் கண்ணில் நான் இல்லை. இழுத்துப் பிடித்தேன், கை சில்லிட்டிருந்தது. "வண்டி நம்பரச் சொல்லுங்க" என்று என்னைக் கேட்டுவிட்டு அப்படியே மடங்கி உட்கார்ந்தான்.

நாலைந்து சாமிகள் ஓடிவந்து அவனைத் தூக்கி, பக்கத்தில் இருந்த அதே கேசரிப் பந்தலில் கிடத்தினார்கள். ஒருவர் ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். கேசரி கிண்டிய அம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து அவன் நெற்றியைத் தொட்டார்.

"சாமி சாப்ட்டாரா?"

இத்தனை பேர் சுற்றி நிற்கிறார்கள். நான் படித்தவன். "சாப்ட்டாரு" என்றேன்.

"அப்ப வெயிலுதான். காத்து விடுங்கப்பா." விசிறினார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். வெயிலே இன்னும் ஏறவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. முருகேசன் உதடு கோணி, கண் செருக ஆரம்பித்தது. வாசலில் நின்று தம்பிக்குத் திருநீறு பூசி அனுப்பிய சரோஜாவின் முகம் எனக்கு முன்னால் வந்தது.

"சாப்பிடல" என்றேன். விசிறியவர்களுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "காலைல இருந்து ஒண்ணுமே சாப்பிடல. சக்கர மாத்திர போட்டுருக்கான். நாந்தான் சாப்பிட வேணாம்னேன்."

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்களுக்கு ரெண்டு தடவ வச்சேனே" என்று மட்டும் சொன்னார். அதற்குள் பானகக் குவளை அவர் கைக்கு வந்துவிட்டது. அவனை நிமிர்த்தி உட்காரவைத்து, முழுங்குகிறானா என்று பார்த்துப் பார்த்து, வெல்லத் தண்ணீரை ஒவ்வொரு மிடறாகக் கொடுத்தார். அடுப்பில் கேசரி அடிபிடிக்கும் வாசனை வந்தது. யாரும் எழுந்து போகவில்லை. நான் முருகனைக் கூப்பிடவும் கூசினேன்.

சற்று நேரத்தில் அவன் கண் திறந்தது. கூட்டத்தைப் பார்த்தான். பிறகு அவன் பார்வை என் முகத்தில் வந்து நின்றது.

"மாமா" என்றான். "ஒங்க மீசையில கேசரி."

மருத்துவமனையில் டாக்டர் அவனைத் திட்டவில்லை. நான் நடந்ததைச் சொன்னதும் என்னைத்தான் திட்டினார். கணக்கு சரிதானாம், உடம்பு செலவழிப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டால் எடை இறங்கத்தான் செய்யும். ஆனால் மெதுவாக இறங்க வேண்டும். மாத்திரை போட்டவனைப் பட்டினி போட்டு நடத்தினால் எடைக்கு முன்னால் ஆள் இறங்கிவிடுவான்.

அன்று மாலை, அவன் சொல்லுமுன் நானே சரோஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று பந்தலையும் சொன்னேன். அவள் பல நாள் என்னோடு பேசவில்லை. குற்றம் தாங்காமல் பேருந்தில் பழனிக்குப் போய் மொட்டை போட்டு, இளமையிலிருந்து வளர்த்த மீசையையும் எடுத்துவிட்டு வந்து நின்றேன். அப்போதுதான் வாய் திறந்தாள்.

"தப்புப் பண்ணது வாயி. மீச என்ன பாவம் பண்ணுச்சு?"

அதற்குப் பின் தினமும் சாயங்காலம் முருகேசனோடு நடக்கிறேன். என் சட்டைப்பையில் எப்போதும் கல்கண்டு இருக்கும். அவன் சாப்பிட்டானா என்று கேட்காமல் காலெடுத்து வைப்பதில்லை. எடைமேடையில் வடை போய்ச் சுண்டல் வந்தது. இரவுச் சோறு பாதியாகி காய்கறி வெஞ்சனம் கூடியது. அவன் எடை மெல்ல இறங்கிவிட்டது. என்னுடையது இறங்கவில்லை. ஒருநாள் அவன் லாரி மேடையில் ஏறி நின்று பார்த்தேன். "அதுல ஒத்த ஆளு எட சரியா விழாது மாமா" என்றான். "அந்தப் பொய்யையும் தூக்கிட்டு நில்லுங்க, காட்டும்."

மீசை வளர்ந்துவிட்டது. வெளியே போய் வந்தால் பேரன் பேத்திகள் வரை அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

போன தைப்பூசத்துக்கு மறுபடி நடந்தோம். அதே இடத்தில் அதே பந்தல். அந்த அம்மாள் முருகேசனை அடையாளம் கண்டு சிரித்தார், என்னையும் கண்டுகொண்டு, கேசரிக் கரண்டியை அப்படியே நிறுத்தினார்.

"இவருக்கு வைக்கவா, வேணாமா?"

"வைங்கக்கா" என்றான் முருகேசன். "ஆனா என் கண்ணு முன்னாடி சாப்பிடட்டும்."