பர்மிட் அண்ணாவின் பாம்பில்லாப் பெட்டி

தமிழ்நாட்டிலேயே பாம்பு வளர்க்க முழுத் தகுதி பெற்ற ஒரே மனிதர் பர்மிட் அண்ணாதான். பாம்பு ஒன்றுதான் பாக்கி.

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் அவர் பாதுகாப்பு சூப்பர்வைசர், நான் ஸ்டோர் கிளார்க். இருவரும் தங்கியிருந்தது ஒரே வாடகை அறையில். ஏணியில் ஏறப் பர்மிட், வெல்டிங் வைக்கப் பர்மிட் என்று ஆலையில் எவன் எதைத் தொட்டாலும் அவர் கையெழுத்து வேண்டும். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும்.

அவருக்கு ஒரு நல்லபாம்பு வளர்க்க ஆசை. மற்றவர்கள் பாம்பைப் பிடித்துவிட்டு மூடி தேடுவார்கள். அண்ணா முதலில் மூடி செய்தார். ஒரு பெட்டி, அதற்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மூடி, இரண்டு பூட்டு. ஒரு சாவி என் கழுத்தில்.

"எனக்கு எதுக்குண்ணா?"

"ஒண்டியா தொறக்கக் கூடாது நைனா. கூட ஒரு ஆளு வேணும்."

"கூட இருக்கிற ஆளு இன்னா பண்ணணும்?"

"நான் உயுந்துட்டா ஆம்புலன்ஸக் கூப்புடணும்."

வனத்துறைக்கு விண்ணப்பமும் போட்டார். "ஊட்ல வெச்சி வளக்கச் சட்டத்துல எடமே இல்ல, கெளம்புங்க" என்று வாயால் சொல்லி அனுப்பினார்கள். அண்ணாவுக்கு அது எழுத்தில் வேண்டும். கடிதம் வரும்வரை பாம்பைத் தொடமாட்டார், தயாரிப்பையும் விடமாட்டார். மெத்தனமான ஓர் அலுவலகத்தை நம்பி நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கள்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து விஷமுறிவு மருந்து கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்பார். நர்ஸம்மா குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். "மருந்து வந்துச்சிண்ணா. உங்க பாம்புதான் இன்னும் வரல."

ஒத்திகைகளில் பாம்பாக நடித்தது ஒரு தோட்டக்குழாய். கடிபட்டவன் நான். "ஓடாத! அறுக்காத! கயித்தால கட்டாத! கால ஆட்டாத!" என்று கத்திக்கொண்டே மரப்பலகையை வைத்து என் காலைத் துணியால் சுற்றுவார். ஷிஃப்ட் விடும் கூட்டத்தைத் தவிர்த்து எந்தத் தெருவில் வண்டி விடுவது என்றுகூடக் கடிகாரம் வைத்துப் பார்த்திருந்தார். இரண்டு முறை என்னை ஆஸ்பத்திரி வாசல்வரை தூக்கிச் சென்றார். இரண்டாவது முறை நர்ஸம்மா துடைப்பத்தை எடுத்தார்.

ஒரு மழைக்காலக் காலையில், முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், வாசலில் கிடந்த சேஃப்டி ஷூவுக்குள் காலை விட்டேன். மேலே விழும் இரும்பைத் தாங்கத்தான் அதற்கு இரும்பு மூக்கு. உள்ளேயே குடியேறியவரைப் பற்றி ஷூ செய்தவன் யோசிக்கவில்லை. சுருக்கென்றது. உதறினேன். சின்ன நல்லபாம்பு ஒன்று விழுந்து, படம் எடுத்து எங்களைப் பார்த்துவிட்டு, எந்த அனுமதியும் கேட்காமல் போய்விட்டது.

அண்ணா கட்டிலின்மேல் நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் அதை நேரில் பார்க்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு இறங்கினார். பலகை, துணி, வண்டி எல்லாம் ஒத்திகைபோலவே. கத்தல் மட்டும் இல்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா இடுப்பில் கை வைத்தார். "காலங்காத்தால பேஜாரு பண்ணாதீங்கண்ணா! இன்னைக்கு எனக்கு நெசமாவே வேல இருக்கு."

ஆயிரம் விதிமுறை சொல்லும் அண்ணாவுக்கு ஒரு சொல் வரவில்லை. நிஜக்கடி என்று நானாவது சொல்லலாமென்றால் நாக்கு புரளவில்லை. இமைகள் தாமாக இறங்கின. இவ்வளவு நன்றாக நான் ஒருநாளும் நடித்ததில்லை.

நர்ஸம்மா என் இமையைத் தூக்கிப் பார்த்தார். "ஐயோ, டாக்டர்!" என்று அவர் ஓடியது மட்டும் காதில் விழுந்தது.

எப்போது விழித்தேன் என்று தெரியவில்லை. மருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கால்மாட்டில் அண்ணா இரண்டு கைகளாலும் என் பாதத்தை அசையாமல் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"விடுங்கண்ணா, பொழச்சிக்கினாரு. இனிமே ஆட்டலாம்" என்றார் நர்ஸம்மா.

"அவன் எந்திரிச்சி சொல்லட்டும்மா, விடறேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்கட்டும் என்று தோன்றியது.