அஞ்சு படித் தலையணை

புனலூர்ல இருக்கிற தங்கச்சிக்கு அஞ்சு படி அரிசி கொண்டுபோய்க் கொடுக்கணும். அன்னைக்கு எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

அவளுக்குப் பிள்ளை பிறந்து இருபது நாள். ரேஷன் அரிசிச் சோறு வயித்துக்கு ஒத்துக்கலன்னு கடுதாசி போட்டிருந்தா. ஆனா மலையைத் தாண்டி அடுத்த ராஜ்யத்துக்கு அரிசி கொண்டுபோகக் கூடாதுன்னு சர்க்கார் தடை போட்டிருந்த காலம் அது.

எனக்கு இந்தச் சர்க்கார் கண்ட்ரோல்னாலே ஆகாது. "விலையைச் சந்தை பாத்துக்கும், சர்க்கார் ஒதுங்கி நிக்கட்டும்!"னு தென்காசி முழுக்கப் பேசித் தீர்த்தவன். குத்தாலத்துல எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு நிக்கிறவங்களைக்கூட விட்டதில்ல. பாவம், அந்தக் கோலத்துல அவங்க எங்க ஓடுறது!

வீட்டுக்காரி அரிசியைத் தலையணை உறையில கொட்டித் தச்சுக் கொடுத்தா.

"செக்போஸ்ட் தாண்டுத வரைக்கும் வாயைத் தொறக்காதிய."

பஸ்ஸுல முன் சீட்டுல இலஞ்சி இசக்கியம்மா. இடுப்பைச் சுத்தி அரிசியைக் கட்டிக்கிட்டுப் போய் புனலூர்ல விக்கிறதுதான் அவ பிழைப்பு.

புளியரை செக்போஸ்ட்டுல அரிசி சோதிக்கிற கிளார்க் ஏறினார். என் மடியில இருந்த தலையணையைப் பாத்தார். தாண்டிப் போயிட்டார். தப்பிச்சேன்!

அதோட விட்டிருக்கலாம். அவர் இசக்கியம்மாகிட்ட, "எந்திரிம்மா"ன்னார். அவ முகம் வெளுத்துப்போச்சு. எனக்குப் பொறுக்கல.

"சார், இங்கன மிஞ்சுது, அங்கன பத்தல. நடுவுல கம்பைப் போட்டு மறிச்சா எப்படி?"

"சட்டம், அண்ணாச்சி."

"விக்கிறவனும் வாங்குறவனும் பேசி முடிக்கிற விலையில சர்க்காருக்கு என்ன சோலி?"

பஸ்ஸே கை தட்டுச்சு! மேடையில மேஜையைக் குத்திக் குத்திப் பேசுறது என் பழக்கம். இங்கே மேஜை இல்ல. மடியில இருந்ததை ஓங்கிக் குத்தினேன்.

தையல் விட்டுப்போச்சு. அரிசி சரசரன்னு கொட்டுச்சு.

கிளார்க் குனிஞ்சு பாத்தார். "பஞ்சு நல்ல வெள்ளையா இருக்கே, அண்ணாச்சி!"

செக்போஸ்ட் ஆபீஸே என்னைச் சுத்தி நின்னு அரிசியை அள்ளுச்சு. இசக்கியம்மாவை எல்லாரும் மறந்துட்டாங்க. வெறும் உறையோட புனலூர்ல இறங்கினேன். தங்கச்சி முகத்துல எப்படி முழிப்பேன்? நிஜமாவே கண்ணு கலங்கிட்டு.

இசக்கியம்மாவைப் பிடிச்சேன். "தாயி, உன் அரிசியைக் கொடு."

விலை சொன்னா. ஊர்ல விக்கிறதைவிட ரெண்டு மடங்கு!

"அநியாயம்! இதைக் கேக்க ஒரு சர்க்கார் இல்லையா?"

"நீங்கதான அண்ணாச்சி, அதை ஒதுங்கி நிக்கச் சொன்னிய?"

கேட்ட காசை எண்ணிக் கொடுத்து வாங்கினேன். அன்னையிலிருந்து எங்கே பேசினாலும் கையைக் கட்டிக்கிட்டுத்தான் பேசுதேன்.