மாப்பிள்ளை அனுப்பிய கசப்பு சாக்லேட்

ஆம்பூர்,
ஞாயிறு, பூசைக்குப் பின்

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை ஜான்சன் அவர்களுக்கு,

மாமனார் அந்தோணி எழுதுவது. மாதாவின் அருளால் நானும் உங்கள் அத்தை சவுரியம்மாளும் சுகமாக இருக்கிறோம் என்று எழுதுவது முறை, ஆகவே எழுதிவிட்டேன். ஜெர்மனிக் குளிரில் தாங்களும் மகள் சௌந்தர்யாவும் பத்திரமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

என் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து தாங்கள் காட்டும் அக்கறைக்கு நன்றி சொல்லி முடியாது. ஆனால் அந்தக் கறுப்பு சாக்லேட்டை அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்தவேண்டும். இருதயத்துக்கும் மூளைக்கும் அது நல்லது என்று சௌந்தர்யா போனில் ஏதோ கட்டுரையைப் படித்துக்காட்டினாள், அத்தை அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். தினமும் காலையில் ஒரு துண்டை என் கையில் வைத்து, "இன்னா அதயே பாக்கறீங்க, வாயில போடுங்க" என்று எதிரில் நிற்கிறாள். அட்டையில் எண்பத்தைந்து சதவீதம் கோகோ என்று போட்டிருக்கிறார்களே, மீதிப் பதினைந்தும் கசப்புதான் மாப்பிள்ளை. "நடந்துகினே சாப்பிட்டுக்கறேன்" என்று துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். அவள் வாசலில் நின்று பார்ப்பதால் தெருமுனையில் கம்பெனி பஸ் ஏற முடியவில்லை. மெல்லுவதுபோல் வாயை அசைத்தபடி ஷூ கம்பெனி வரை நடந்தே போகிறேன்.

நம் ஊர் வெயில் தங்களுக்குத் தெரியும். துண்டு பையிலேயே உருகி, வெள்ளைச் சட்டையின் இடது மார்பில் பழுப்பாக ஊறிவிட்டது. பினிஷிங் செக்ஷனில் என் கீழ் வேலை செய்யும் ஜீவா அதைப் பார்த்துவிட்டு, "சார், ஆபரேஷன் பண்ண எடம் ஒழுவுது" என்று என்னைத் தரையில் படுக்கவைத்துவிட்டான். மறுநாள் உருகாமல் இருக்கட்டுமே என்று ஃபேனுக்கு எதிரில் ஒரு தட்டில் வைத்தேன். அது ஷூவுக்கு மெருகேற்றும் மெழுகுக் கட்டிகள் வைக்கிற தட்டு. இரண்டும் ஒரே நிறம். ஜீவா சாக்லேட்டை எடுத்துச் சுற்றுகிற பிரஷ்ஷில் தேய்த்து ஒரு ட்ரே ஷூவையும் முடித்துவிட்டான். பளபளப்பில் குறையே இல்லை. பேக்கிங்கில் வேலை செய்யும் உமைமா பெட்டியைத் திறந்தபோதுதான் எறும்புகள் வரிசையாக வந்தன. மேனேஜர் வக்கார் அகமது ஒரு ஷூவை மோந்து பார்த்து, "இன்னா அந்தோணி, சரக்கு வாங்கற பையர் வர்ற நேரத்துல பேஜார் பண்றே? இது ஷூவா, பர்த்டே கேக்கா?" என்றார். "சார், அது என் இருதய மருந்து" என்று உண்மையைச் சொன்னேன். ஷூவைக் கீழே வைத்துவிட்டு, "மாத்திரைய ஒழுங்கா போடறியா தோஸ்த்?" என்று மட்டும் கேட்டார்.

கம்பெனியில் தலைகுனிந்ததுகூடப் பரவாயில்லை. நான் சாப்பிட்டுவிட்டேன் என்று நம்பி அத்தை சிலுவை போட்டுக்கொள்கிறாள், அதைப் பார்க்கத்தான் வெட்கமாக இருக்கிறது. ஆகவே இனி பார்சல் வேண்டாம். மாமன் மரியாதை தெரியாதவன் என்று எண்ணவேண்டாம்.

மாதா தங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் வாய்க்கு ருசியான சாப்பாட்டையும் தரட்டும்.

தங்கள் மாமனார்,
அந்தோணி

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடுமுன் செக்கப்புக்காக வேலூர் போய்வந்தோம். பிரஷர் நன்றாக இறங்கியிருக்கிறது. "என் மருமவன் அனுப்பற சாக்லேட்டு சார்" என்று அத்தை முந்திக்கொண்டாள். டாக்டர், "ஒரு துண்டு ரத்தக் குழாய்க்கு நல்லதுன்னு சில ஆராய்ச்சி சொல்லுதும்மா. மாத்திரைக்குப் பதிலா ஆவாது. வேற இன்னா பண்றார்?" என்று என் பக்கம் திரும்பினார். "காலையில நடக்கறேன் சார்" என்றேன். "அத மட்டும் விட்றாதீங்க" என்றார். ஸ்டென்ட் வைத்த நாள் முதல் ராத்திரியில் எழுந்து எழுந்து என் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவள், திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து அயர்ந்து தூங்கிவிட்டாள். ஆம்பூர் ஸ்டாப் வந்தும் எனக்கு எழுப்ப மனம் வரவில்லை, வாணியம்பாடி போய்த்தான் இறங்கினோம். ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் கொள்ளாமல் அடுத்த பார்சலைச் சீக்கிரம் அனுப்பவும். என் துண்டை இப்போது வக்கார் சார் வாங்கித் தின்கிறார். நான் சாப்பிடாவிட்டாலும் அது வேலை செய்கிறது மாப்பிள்ளை.