பிளாட் வேண்டாம் என்று மைக்கில் பேசிய மாமாவுக்கு

மதிப்பிற்குரிய கணேஸ்வரன் மாமா அவர்களுக்கு,

கோல சிலாங்கூர் தோட்டத்து லயத்திலிருந்து உங்கள் அக்காள் மகன் புனிதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மாவுக்கு முட்டிவலி, அப்பாவுக்கு இருமல், கூரையில் ஓட்டை, மற்றபடி நலம். புக்கிட் செந்தோசா தாமான் வீட்டில் நீங்களும், அத்தையும், புதிதாகக் கட்டிய கார் போர்ச்சும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இதையெல்லாம் வாட்ஸ்அப்பிலேயே சொல்லியிருப்பேன். போன வாரம் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள். தபால்காரரை பிளாக் செய்ய முடியாது என்பதால் இந்தக் கடிதம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உங்கள் தாமான் குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்தில் நீங்கள் பாதியிலிருந்து சொன்னீர்கள். தோட்டத்தை விற்றார்கள். வாங்கியவர் இரண்டு கார் வைத்திருப்பவர்களுக்காக இரண்டு மாடி வீடு கட்டப்போகிறார். லயத்துக்காரர்களுக்கு மலிவு விலை பிளாட், ஆனால் வேறு இடத்தில் என்றார்கள். அந்த வேறு இடத்தை மூன்று வருடமாகத் தேடினார்கள். சுங்கை புரோங் பக்கம் போனால் நெல் வயலில் கை வைக்கக் கூடாது. ஜெராம் பக்கம் போனால் கடல் ஏறும் நாளில் கீழ்வீட்டுக்காரன் கட்டிலில் மிதப்பான். கடைசியில் உங்கள் தாமானுக்குப் பின்னால் சும்மா கிடக்கும் காலி நிலத்தைக் கண்டுபிடித்தார்கள். அது வேறு மாவட்டம். எங்கள் பக்கத்து அதிகாரி, “ஆளுங்க எங்க ஆளுங்க, நெலம் அவங்க நெலம், அங்க கேளுங்க” என்றார். அங்கே போனால், “நெலம் எங்க நெலம், ஆளுங்க அவங்க ஆளுங்க, அங்க கேளுங்க” என்றார்கள். இப்படி அலைய நான் எடுத்த லீவைப் பார்த்து, ரவாங் தொழிற்சாலையில் என் சூப்பர்வைசர், “நீ என்னா, சொந்தமா பங்களா கட்டுறியா?” என்று கேட்டார்.

எங்கள் ஆட்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? வீட்டு வரைபடத்தைக் காட்ட தனுஜா என்று ஓர் இளம் அதிகாரி வந்தார். ஐந்து மாடி. எல்லோருக்கும் கீழ்வீடுதான் வேண்டும். அதையாவது குலுக்கிப் போட்டுப் பார்க்கலாம். தோட்டத்தில் மண்டோராக ஆள் மேய்த்த பழைய உடையப்பன் எழுந்து நின்றார்.

“மேல் வீட்டுக் கக்கூசு எங்க சாமி ரூம் தலை மேல வந்தா என்னா பண்றது?”

“எல்லா வீடும் ஒரே மாதிரிதான் அங்கிள். கக்கூசு மேல கக்கூசு, சாமி ரூம் மேல சாமி ரூம்.”

“அப்ப மேல் வீட்டுக்காரன் எங்க சாமி தலை மேல நின்னு கும்பிடுவானா?”

“அவரு சாமியும் அங்கதானே இருக்கும்.”

“அவரு சாமி எங்க சாமிய விட ஒசத்தியா?”

அந்தப் பெண் வரைபடத்தைச் சுருட்ட ஆரம்பித்தார். பின்னாலிருந்து சின்னம்மா கிழவி, “எல்லாருக்கும் அஞ்சாவது மாடியே குடுத்துடு லா, பிரச்சன முடிஞ்சிச்சு” என்றார். நியாயமான யோசனை என்று பாதிப் பேர் தலையாட்டினார்கள். இவர்களை வழிக்குக் கொண்டுவர இன்னும் நான்கு கூட்டம் ஆனது. உடையப்பன் தன் சாமிக்காக ஐந்தாம் மாடிக்குச் சம்மதித்தார். ஏறுவதற்கு அவருக்குக் காலில் பலம் இல்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

இவ்வளவுக்கும் பிறகுதான் மாமா, உங்கள் மண்டபத்தில் கருத்துக் கேட்கும் கூட்டம். அம்மாவை மோட்டார் சைக்கிளில் வைத்து மழையில் கூட்டி வந்தேன். குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் என்று பெயர் சொன்னதும் நீங்கள் மைக்கைப் பிடித்தீர்கள். “வீடு வேணும், கட்டட்டும், நாங்க வேணாம்னு சொல்லல. இங்க வேணாம். அந்த மாதிரி ஆளுங்க வந்தா கோழி வளப்பாங்க, ரோட்ட அடைச்சு வண்டி போடுவாங்க, நம்ம வீட்டு வெல எறங்கிடும்.” அப்போது மூன்றாம் வரிசையில் ஒரே ஓர் ஆள் கைதட்டியது உங்களுக்குக் கேட்டிருக்கும். அது அம்மா. கைதட்டும் நேரம் வந்துவிட்டது என்று நினைத்து மண்டபமே தட்டியது. திரும்பும் வழியில் கேட்டேன்.

“ஏம்மா தட்டுன? அவரு நம்மளத்தான் சொன்னாரு.”

“தெரியும்டா. தம்பி மைக்குல பேசுறான். அக்காகாரி கைய கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?”

வெளியே எங்களைப் பார்த்ததும் நீங்கள் வேறு, “அக்கா, ஒங்கள சொல்லல, மத்தவங்கள சொன்னேன்” என்றீர்கள். அந்த மற்றவர்கள் யார் மாமா? நீங்கள் பிறந்தது இந்த லயத்தின் ஏழாம் வீட்டில். இரண்டு அறையில் பத்துப் பேர் படுத்தீர்கள். நெரிசல் என்று அன்றைக்கு எவனும் ஆட்சேபம் எழுதவில்லை. உங்கள் தாமானில் குப்பை அள்ளவும், கார் கழுவவும், கடையில் சாமான் தூக்கவும் ஆள் வேண்டும். மாலையானால் அந்த ஆள் காற்றில் கரைந்துவிட வேண்டும். அவன் எங்கே தூங்குவான் என்று கேட்டால் அது திட்டமிடும் பிரச்சினை. வருகிற எல்லாத் திட்டத்தையும் நீங்களே அடித்துவிட்டு, அப்புறம் அரசாங்கத்திடம் திட்டமே இல்லை என்று நீங்களே பேப்பரில் எழுதுவது. என்னா பொழப்பு இது. நேற்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள், உங்கள் ஆட்சேபத்தால் பிளாட் ஒத்திவைப்பாம். எதுவரை என்று சொல்லவில்லை.

ஆகவே மாமா, இந்தக் கடிதத்தோடு உறவு முடிந்தது. தீபாவளிக்கும் வரமாட்டோம், உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் வரமாட்டோம். என் உடம்பில் உயிர் இருக்கும்வரை உங்கள் வாசல்படியை மிதிக்க மாட்டேன். முனீஸ்வரர் அருளால் உங்கள் வீட்டு விலை நாளொரு வெள்ளியாக ஏறட்டும். அத்தைக்கு என் வணக்கம்; அவர் மைக்கில் எதுவும் பேசவில்லை.

இப்படிக்கு,
நீங்கள் சொல்லாத அந்த மற்றவர்களில் ஒருவன்,
புனிதன்

பி.கு.: உறையை ஒட்டும்போது தோட்டத்தை வாங்கியவரின் ஆட்கள் வந்து லயத்துக்குத் தண்ணீரை வெட்டிவிட்டுப் போனார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமாம். நான் யோசிப்பதற்குள் அம்மா, “தம்பி வீடு எதுக்கு இருக்கு?” என்று சட்டி பானையைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். சனிக்கிழமை லோரியில் வருகிறோம். அம்மா, அப்பா, நான், தங்கை அன்பரசி, அவள் கணவர், இரண்டு பிள்ளைகள். சின்னம்மா கிழவியைத் தனியாக விட்டுவர அம்மாவுக்கு மனமில்லை, அவரும் வருகிறார். பின் அறையை ஒழித்து வையுங்கள். பக்கத்து வீட்டார் கேட்டால் விருந்தாளிகள் என்று சொல்லுங்கள். எத்தனை நாளைக்கு என்று கேட்டால், பிளாட் கட்டி முடியும் வரைக்கும் என்று சொல்லுங்கள்.