ஒடீலின் முயல், லாம்பேரின் நாய்

லியேஜ் நகரத்தில் லத்தீன் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற லாம்பேர், புத்தாண்டன்று மனைவி ஒடீலின் முன்னால் நெஞ்சில் கைவைத்துச் சபதம் செய்தார்: "இனிமே எனக்காக ஒரு துப்பாக்கிகூட வாங்க மாட்டேன்."

பயப்பட வேண்டாம். எல்லாம் உள்ளங்கையில் அடங்கும் பழைய சட்டைப்பைத் துப்பாக்கிகள். கடைசியாக வெடித்து நூற்றைம்பது வருடம் இருக்கும். அப்படிப் பன்னிரண்டு, வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியை அடைத்துக்கொண்டிருந்தன. பதின்மூன்றாவது வந்தால், தன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவதாக ஒடீல் சொல்லியிருந்தாள்.

சபதத்தில் 'எனக்காக' என்ற சொல்லை லாம்பேர் வேண்டுமென்றேதான் செருகியிருந்தார். முப்பத்தைந்து வருடம் லத்தீன் நடத்தியவர், தப்பிக்க ஒரு சந்து விடாமல் சபதம் செய்வாரா?

லியேஜில் ஞாயிற்றுக் காலை உருண்டை ரொட்டிக்கும் கைத்துப்பாக்கிக்கும் ஒரே பெயர்: பிஸ்டோலே. அதனால் "பிஸ்டோலே வாங்கப் போறேன்" என்று லாம்பேர் பொய்யே சொல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்ப முடியும். ஏப்ரலில் ஒரு ஞாயிறு அப்படித்தான் ரொட்டி வாங்கிக்கொண்டு ஆற்றங்கரைச் சந்தைக்குள் நுழைந்தார். பழம்பொருள் வியாபாரி துசேன் கைதட்டிக் கூப்பிட்டார்.

"வாத்தியாரய்யா, உங்க நாய்க்கு முயல் வந்திருக்கு!"

லாம்பேர் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினார். பன்னிரண்டில் அவர் உயிரை வைத்திருந்தது ஒன்றின்மேல்தான். அதன் வெள்ளித் தகட்டில் ஒரு வேட்டைநாய் பாய்ந்தோடும். ஜோடியில் ஒன்று அது; மற்றது எப்போதோ தொலைந்துபோயிருந்தது. பத்தொன்பது வருடமாக அந்த நாய் எதைத் துரத்துகிறது என்று யாருக்கும் தெரியாது. இதோ அதே கைவேலை, அதே வால்நட் மரப்பிடி. தகட்டில் காதை மடக்கிக்கொண்டு ஓடும் முயல்!

வாங்கினார். வழியில் சேகரிப்பாளர் சங்கத்துக்குப் போய், "சனிக்கிழமைக் கண்காட்சியில ஜோடியா வைக்கிறேன்" என்று மார்தட்டினார். பிறகு முயலை ரொட்டிப் பையின் அடியில் புதைத்துக்கொண்டு வீடு வந்தார்.

"பிறந்தநாள் வாழ்த்துகள், ஒடீல்!"

"எனக்கு ஆகஸ்டுலதானே பிறந்தநாள்?"

"ஆகஸ்டுல எல்லாரும் வாழ்த்துவாங்க. நான் முந்திக்கிட்டேன்."

"பைக்குள்ள என்ன?"

"அந்தக் காலத்துச் சீமாட்டிங்க, குளிருக்குக் கை நுழைச்சுக்குற கம்பளி உறைக்குள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டது. பொம்பளைங்க துப்பாக்கி. எனக்காக இல்ல. உனக்காக."

"எனக்கேவா?"

"உனக்கேதான்!"

"சத்தியமா?"

"சத்தியமா!"

ஒடீல் அவர் கன்னத்தில் முத்தமிட்டாள். திட்டத்தில் இது இல்லை. லாம்பேர் லேசாகக் கலவரப்பட்டார்.

"சரி, குடு. என் அலமாரியில பத்திரமா வைக்கிறேன்."

"என் பொருளுக்கு உங்க அலமாரி எதுக்கு வாத்தியாரே?"

முயல் தையல் பெட்டிக்குள் போயிற்று. பெட்டி பூட்டப்பட்டது. சாவி ஒடீலின் கழுத்துச் சங்கிலியில் ஏறியது.

திங்கட்கிழமை லாம்பேர் கொஞ்சினார். செவ்வாய் முறைத்தார். புதன்கிழமை பாத்திரமெல்லாம் கழுவினார். வியாழக்கிழமை பிரசங்கமே செய்தார்.

"நாய் இங்க, முயல் அங்க. ஜோடியைப் பிரிச்சு வைக்கலாமா ஒடீல்?"

"கூடாதா?"

"கொடுமை! ஜோடின்னா ரெண்டும் ஒரே இடத்துல இருக்கணும். ஒரே கையில இருக்கணும். சேகரிக்கிறவனுக்கு அதுதான் தர்மம்."

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"இருபது வருஷமா சங்கத்துல இதைத்தானே முழங்கறேன்!"

ஒடீல் பெருமூச்சு விட்டாள். சங்கிலியைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தாள். லாம்பேர் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"அப்ப நாயைக் கொண்டாங்க" என்றாள் ஒடீல்.

"என்னது?"

"முயல் நீங்க எனக்குக் குடுத்த பரிசு. குடுத்ததைத் திருப்பிக் கேக்குற ஆளில்ல நீங்க. ஜோடியும் பிரியக்கூடாது. அப்போ நாய் எங்க வரணும்? நீங்களே சொல்லுங்க."

லாம்பேர் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாயைத் தர மறுத்தால் சனிக்கிழமை ஜோடி இல்லை. சங்கத்தில் தலைகாட்ட முடியாது. பத்தொன்பது வருடம் துடைத்துத் துடைத்து வளர்த்த நாயைக் கொண்டுவந்து கொடுத்தார்.

கண்காட்சியில் ஜோடியைச் சுற்றித்தான் கூட்டம். அடியில் அட்டை: 'உடைமையாளர்: திருமதி ஒடீல்.' சங்கத் தலைவரே அவளுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்து மேசையில் லாம்பேரின் மிச்சப் பதினொன்றையும் ஓர் ஈ மட்டும் நின்று நிதானமாகப் பார்த்தது.

வீடு திரும்பும்போது ஒடீல் அவர் கையைக் கோத்துக்கொண்டாள்.

"பாவம், உங்க பதினொண்ணும் ஒண்டிக்கட்டையா நிக்குது, இல்ல?"

"ஆமா" என்றார் லாம்பேர், குரலில் சின்ன நம்பிக்கையோடு.

"இனிமே சந்தைக்குப் போனா நல்லாப் பாருங்க. எதுக்கு ஜோடி கிடைச்சாலும் யோசிக்காம வாங்கி எனக்குப் பரிசாக் குடுத்துடுங்க."

லாம்பேர் இப்போதெல்லாம் ரொட்டியைப் பக்கத்துத் தெருவிலேயே வாங்கிவிடுகிறார்.