ஆறுக்கொண்டு அண்ணை இழுத்துப்போன மணவறை

ஒரு மாப்பிள்ளையைத் தாலி கட்டவிடாமல் தடுக்கிற வல்லமை லண்டன் மாநகரில் ஒரே ஒரு மனிதருக்குத்தான் இருந்தது. அவர்தான் ஆறுக்கொண்டு அண்ணை. பெற்றவர்கள் வைத்த பெயர் நாங்கள் இருந்த டூட்டிங் பகுதியில் ஒருவருக்கும் தெரியாது. நீங்கள் எந்த ஊருக்குப் போவதாகச் சொன்னாலும், "அங்க ஆறுக்கொண்டு ஏத்தம் இருக்கு, தெரியுமோ?" என்பார். ஆறடி முன்னே போனால் ஓரடி மேலே ஏறுகிற வீதி என்று அர்த்தம். விம்பிள்டன் கோயிலுக்குக்கூட ஏற்றமில்லாத வழி தேடி, பூசை முடிந்த பிறகுதான் வந்து சேருவார்.

இப்படிப்பட்டவர் ஒரு கரவன் வைத்திருந்தார். காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப்போகிற, கட்டிலும் அடுப்பும் உள்ள வீட்டுவண்டி. மலைக்குப் பயந்தவருக்கு அது எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் மடத்தனம்.

எண்பதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணின் தமையன் ஸ்கொட்லாந்தின் வடக்கே, மலைகளுக்கு அப்பால் இன்வர்னஸில் டொக்டர். கல்யாணம் அங்கேதான். மார்கழியில் நம்மவர்கள் தாலி கட்டமாட்டார்கள், ஆகவே தையில் வைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் தை நல்ல மாதம். இன்வர்னஸில் தை மாதம் ஆடுமாடுகூட வெளியே வராது. பஞ்சாங்கம் பார்த்தவர்களில் ஒருவராவது ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. இந்த முகூர்த்தம் தப்பினால் எங்கள் இருவர் சாதகத்துக்கும் இனி ஆவணிதான் என்று ஐயர் வேறு சொல்லிவிட்டார்.

அந்த ஊரில் மாப்பிள்ளையும் பெண்ணும் இருக்கிற, தூண் வைத்த மணவறையும் இல்லை, ஐயரும் இல்லை. இரண்டையும் லண்டனிலிருந்து கொண்டுபோக வேண்டும். அம்மாவும் ஐயாவும் யாழ்ப்பாணத்தில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தார்கள். எல்லாப் பொறுப்பும் அக்காவுக்கு. அக்கா போயும் போயும் ஆறுக்கொண்டரிடம் கரவன் கேட்டார்.

இரண்டு மாதம் மனிதர் வரைபடமும் கையுமாக இருந்தார். எந்தக் கணவாயில் காற்று அடிக்கும், எங்கே பனி கொட்டினால் வீதிக்குக் கேற் போட்டுப் பூட்டுவார்கள் என்று விசாரித்தார். மலை உச்சியில் பெற்றோல் செட் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவிக்கு வாரம் மூன்று தரம் போன் எடுத்தார். எனக்குப் பெண் விசாரித்தபோதுகூட இதில் பாதி அக்கறையை ஒருவரும் காட்டவில்லை.

புறப்படும் வெள்ளிக்கிழமை காலை, காரில் கொளுவுகிற கரவன் மூக்குக்குக் கீழே பாத்ரூம் தராசை வைத்து நிறுத்துப் பார்த்தார். காரில் அந்த மூக்கு எவ்வளவு பாரம் அழுத்த வேண்டும் என்று கணக்கு இருக்கிறதாம். மணவறைத் தூண்களை வெளியே எடுத்தார், உள்ளே வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் அம்மியில் வந்து நின்றது.

"தம்பி, இதைப் பின்னால வைச்சால் வால் ஆடும். முன்னால வைச்சால் மூக்குக் குத்தும். நீர் காலுக்கை வைச்சுக்கொண்டு இரும்."

"அண்ணை, நான் மாப்பிள்ளை!"

"ஓம், அதுதான் உம்மட்டைத் தாறன்."

பெண்ணின் பாதத்தை வைக்கவேண்டிய அம்மியில் என் பாதத்தை வைத்தபடி நான் ஸ்கொட்லாந்து போனேன். பின்சீற்றில் அக்காவும் ஐயரும். மணிக்கு நாற்பது மைல். ஐம்பது மைலுக்கு ஒரு தரம் இறங்கிச் சில்லு நட்டுகளைத் தட்டிப் பார்ப்பார். ஐயர் முதலில் தேவாரம் பாடினார், பிறகு நித்திரையானார், பிறகு வாய்விட்டே திட்டத் தொடங்கினார்.

சனி மதியம் ஸ்கொட்லாந்தின் பேர்த் நகரம். அங்கிருந்து மலைக்கு மேலால் நேர்வழி, மூன்று மணித்தியாலம். வெயில் பளீரென்று எறிக்கிறது. லண்டனிலிருந்து எங்கள் விருந்தாளிகளை ஏற்றிவந்த கோச் பஸ் கண்ணுக்கு முன்னாலேயே அந்த வழியால் போனது. ஆறுக்கொண்டர் போன் பெட்டிக்குள் போய்க் கிழவியோடு கதைத்துவிட்டு வந்தார்.

"றோட் திறந்துதான் கிடக்காம். நாங்கள் கடற்கரைப் பக்கத்தால சுத்திப் போவம்."

"திறந்து கிடந்தால் ஏன் சுத்துவான்? எனக்கு விசர் பிடிக்கப் போகுது!"

"ஏத்தம் பிரச்சினையில்லை தம்பி. இறக்கத்தில கரவன் காரைத் தள்ளும். அதோட ஐஸும் கிடந்தால் பிடிக்க ஏலாது."

"என்ர கலியாணம். நான் சொல்லுறன், நேர போங்கோ!"

"என்ர கரவன். நான் போகமாட்டன்."

போகவில்லை. அபர்டீன் பக்கமாகச் சுற்றினோம், அங்கேயே இரவு தங்கவும் வைத்தார். இருட்டில் இழுக்கமாட்டாராம். ஞாயிறு முகூர்த்தம் பன்னிரண்டு இருபதோடு முடிகிறது. அந்த ஊரில் தை மாதச் சூரியனோ எட்டரை மணிக்குத்தான் எட்டிப்பார்க்கிறது. அதுவரை காருக்குள் இருந்து நான் பல்லைக் கடித்தேன். வழியில் ஒரு ஓரத்தில் நிறுத்தி, கரவனுக்குள் பட்டுவேட்டியும் தலைப்பாகையும் கட்டினேன். குளிரில் கை விறைத்து வேட்டி இரண்டு தரம் அவிழ்ந்தது.

மண்டபத்துக்குப் போனபோது பதினொன்று ஐம்பத்தைந்து. பெண்ணின் தமையன் வாசலில் சிவந்துபோய் நின்றார். தூண்களை ஆளுக்கொன்றாகத் தூக்கி ஓடினோம். பூச்சோடனை இல்லாமல் மணவறை அரைகுறையாக நிமிர்ந்தது. பன்னிரண்டு பதினாறுக்குத் தாலி கட்டினேன்.

மலைவழி சனிக்கிழமை முழுவதும் திறந்தே கிடந்ததாம். ஒரு துளி பனி விழவில்லை. நேற்றே வந்து குளித்துச் சாப்பிட்டுத் தூங்கியவர்கள் இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். எனக்கு உச்சி கொதித்தது. அந்த மனிதரை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று மாலையோடு வெளியே போனேன்.

அவர் கரவனுக்குக் கீழே படுத்துச் சில்லுக்குக் கிறீஸ் பூசிக்கொண்டு கிடந்தார். கார்க் கதவு திறந்திருந்தது. சீற்றில் விரித்துக் கிடந்த வரைபடத்தின் மேல் நீலநிற விமானக் கடிதம் ஒன்று. அம்மாவின் கையெழுத்து. எனக்கல்ல, அவருக்கு எழுதியது.

'தம்பி, உங்களை எனக்குத் தெரியாது. பிள்ளையைக் கூட்டிப் போவது நீங்கள் என்று மகள் எழுதியிருந்தாள். இங்கே பாதையெல்லாம் பூட்டிக் கிடக்கிறது, எங்களால் வர வழியில்லை. அவனைப் பத்திரமாகக் கொண்டுபோய் மணவறையில் இருத்திவிடுங்கள். உங்களைத்தான் நம்பியிருக்கிறோம்.'

மடிப்பெல்லாம் கிழிந்து, ஒட்டுப்போட்டிருந்தது. எத்தனை தரம் விரித்து வாசித்திருப்பார்! கேட்க வந்த நாலு வார்த்தையையும் விட்டுவிட்டுக் கார்க் கதவை மெல்லச் சாத்தினேன்.

உள்ளே, பெற்றோர் காலில் விழும் நேரம் வந்துவிட்டது என்று ஐயர் கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் அக்கா மட்டும் நின்றார். நான் ஆறுக்கொண்டரைக் காலைப் பிடித்து இழுத்து, மண்டபத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தி, அவர் காலில் விழுந்தேன்.

"விடும் தம்பி, கையெல்லாம் கிறீஸ்!"

"பரவாயில்லை அண்ணை, தலையில தொட்டு ஆசீர்வதியுங்கோ."

தொட்டார். தலைப்பாகை வாடகைக்கு எடுத்தது. அந்தக் கறுத்த ஐந்து விரல் அடையாளத்தோடு அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நானே வைத்துக்கொண்டேன்.